நமக்கென்ன என்கிறாரா?

ஷியாம் செல்வதுரையின் 'த ஹங்ரி கோஸ்ட்ஸ்' (2013) கொழும்பு வசதிக்காரர் வீட்டுக் கதையாம். கலப்புப் பிறப்பின் தடுமாற்றம் நமக்கு அந்நியமாம். நண்பர் சொல்கிறார், அதுவும் பொத்துவிலில் இருந்துகொண்டு! அறுகம்குடாப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் பாணமை. சிங்களவரும் தமிழரும் தலைமுறைகளாகக் கொண்டு கொடுத்த ஊர். மானிடவியலாளர் நூர் யல்மன் 1950களிலேயே வந்து ஆராய்ந்தார். அவ்வளவு ஏன், நாம் தொழுவது பள்ளியில், பேசுவது தமிழ், குடி எண்ணுவது உம்மா வழியில். பக்கத்துத் தமிழூர்களிலும் அதே தாய்வழிக் குடிதான்.

நாவலின் ஷிவனுக்குத் தாய் சிங்களம், தகப்பன் தமிழ். சிங்களப் பாட்டி சொத்தைக் காட்டியே பேரனைப் பிடித்துவைக்கிறாள். முதுசக் காணிக்கும் சீதன வீட்டுக்கும் சண்டை பிடிக்கிற நம்மூரில் இது விளங்காதா? வசதிக்காரர் கதை என்பது சரி. அதை நண்பர் கடைசிவரை படித்தாரா என்பதுதான் என் சந்தேகம்.