இடமா, வலமா? முதலில் எஞ்சினைக் கேளுங்கள்!

கேஎல்ஐஏ பக்கத்தில் இருப்பதால், பந்திங்வாசிகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. இப்போது அது வீட்டு அறைக்குள்ளும் கேட்கிறது. சிமுலேட்டரில் பழைய போர் விமானம் ஓட்டும் தம்பி, தங்கைகளின் வேலை! அவர்களில் பலரின் புலம்பல் ஒன்றுதான்: "வானத்தில் ஓட்டிவிடலாம். ஓடுபாதையைத் தாண்டுவதற்குள் புல்லுக்குள் போய்விடுகிறது!"

ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். நமக்கும் அதற்கும் உறவு உண்டு. 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது, பிரிட்டிஷ் விமானப்படையின் 60-ஆவது அணி கோலாலம்பூரில் இருந்து ஓட்டியது ஸ்பிட்ஃபயர் மார்க் 18.

ஒரு விசிறி சுழலும்போது காற்று நேராகப் பின்னால் போவதில்லை. விமான உடலைச் சுற்றிக்கொண்டு போய், வாலை ஒரு பக்கமாக அடிக்கிறது. மூக்கு மறுபக்கம் திரும்புகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது வால் சுக்கானுக்கும் பலம் போதாது. அலைன்மென்ட் கெட்ட கார் ஒரு பக்கம் இழுக்குமே, அது போலத்தான். ஆனால் இங்கே இழுப்பது 2000 குதிரைத்திறனுக்கும் மேல்!

இதைச் சமாளிக்கத்தான் டிரிம். காக்பிட்டில் ஒரு சிறு சக்கரம். அதைத் திருப்பி வைத்தால், சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்; காலுக்குப் பாரம் குறையும்.

எந்தப் பக்கம் திருப்புவது? இங்கேதான் பலர் விழுகிறார்கள். டிசிஎஸ் விளையாட்டில் வரும் மார்க் 9-இல் மெர்லின் எஞ்சின். விமானம் இடப்பக்கம் இழுக்கும். டிரிம் முழுக்க வலது. ஐஎல்-2 விளையாட்டின் மார்க் 14-இலும், கோலாலம்பூரில் பறந்த மார்க் 18-இலும் கிரிஃபன் எஞ்சின். அதன் விசிறி எதிர்ப்பக்கம் சுழலும். விமானம் வலப்பக்கம் இழுக்கும். டிரிம் முழுக்க இடது. மெர்லினில் நன்றாகப் பழகியவர் அதே பழக்கத்தோடு கிரிஃபனில் ஏறினால், துணைக்கு வைத்த டிரிம்மே அவரைப் புல்லுக்குள் தள்ளிவிடும். இரண்டுக்கும் பெயர் ஸ்பிட்ஃபயர்தான். அன்றைய விமானிக்கு 'ரீஸ்டார்ட்' பட்டனும் கிடையாது.

டிரிம் சரியானதும் த்ரோட்டிலை மெதுவாகத் தள்ளுங்கள். சாதாரணமாகப் புறப்பட முழுச் சக்தி தேவையில்லை. ஓடுபாதை நீளமானது, அவசரம் வேண்டாம். மூக்கு திரும்பத் தொடங்கிய அந்த நொடியிலேயே சுக்கானைக் கொஞ்சமாக மிதியுங்கள். பெரிதாகத் திரும்பிய பிறகு மிதித்தால் மறுபக்கம் பாயும். மேலே ஏறி வேகம் கூடியதும் டிரிம்மை மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் விமானம் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்.

இன்றிரவு ஓட்டும்போது, எஞ்சினைக் கிளப்பும் முன் "மெர்லினா, கிரிஃபனா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா கதவைத் திறந்து ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்!