நிறம் மாறினால் மருந்தை நிறுத்தலாமா?

தொழுநோய்க்கு மருந்து உட்கொள்வோரில் சிலர், தோல் செம்பழுப்பாகிக் கறுத்துவிட்டதென்று பாதியில் நிறுத்திவிடுகின்றனர். மூக்கண்டப்பள்ளியை அடுத்த சிப்காட் ஆலைகளில் பணிபுரிவோருக்கு, உடன் பணியாற்றுபவர் கேட்கும் ஒரு கேள்வியே அதற்குப் போதும். அக்கூச்சத்தை அற்பமென்று நான் கூறமாட்டேன்.

ஆயினும் அது நோயின் நிறமன்று, மருந்தின் நிறம். குளோபாசிமின் என்னும் அம்மாத்திரை அடிப்படையில் ஒரு சிவப்புச் சாயமே. சாயம் மருந்தாவது புதிதன்று. 1891இல் பால் எர்லிக் மெத்திலீன் நீலத்தை மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகளின் வாய்ப்புண்ணில் தடவிய ஊதா மருந்தான ஜென்சியன் வயலட்டும் சாயமே. குளோபாசிமினை 1950களில் டப்ளினில் காசநோய்க்கென உருவாக்கினர். முதலில் பயன்பட்டதோ தொழுநோய்க்கு. (மாதம் ஒருமுறை சிறுநீர் சிவப்பது ரிபாம்பிசினால், அதற்கும் அஞ்ச வேண்டா.)

மருந்து முடிந்தபின் தோலின் நிறம் சில மாதங்களில் மெல்ல மங்கும். இடையில் நிறுத்தியதால் நரம்பு கெட்டு மடங்கிய விரல் முழுமையாக மீள்வது அரிது. இதனை முதல் நாளிலேயே விளக்காதது மருத்துவர்களாகிய எங்கள் குறை என்றே கருதுகிறேன்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இம்மருந்து இலவசம். வேலை நிமித்தம் எல்லை கடந்து கர்நாடகம் சென்றாலும், சிகிச்சை அட்டையைக் காட்டி அங்கும் தொடரலாம்.