குரங்கின் ரத்தத்தில் 1,000 மடங்கு, மனிதருக்கு எவ்வளவு? டென்ட்ரைட்டிக் செல் தடுப்பூசியின் கதை

அழகர்கோயில் போய் வந்தவர்களுக்குத் தெரியும். நூபுர கங்கைக்கு ஏறும் வழியில் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தால் அது நம்முடையது இல்லை. பிடுங்கிக்கொண்டு ஓடும் அந்தக் குல்லாய்க் குரங்குகள் தென்னிந்தியாவுக்கே உரியவை. அவற்றின் வடநாட்டுச் சொந்தம்தான் ரீசஸ் குரங்கு. தடுப்பூசி ஆய்வகங்களில் நமக்காக அதிகம் ஊசி வாங்கியது அதுதான். கோவாக்சின்கூட 20 ரீசஸ் குரங்குகளை வைத்துச் சோதிக்கப்பட்டது.

இப்போது எதற்கு இந்தக் குரங்குக் கதை? 'உங்கள் ரத்தத்திலிருந்தே புற்றுநோய்க்கு மருந்து' என்று டென்ட்ரைட்டிக் செல் சிகிச்சை வீடியோக்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. "லட்சக்கணக்குல கேக்குறாங்க, நிலத்தை வித்துப் பண்ணலாமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குரங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், தொடை இடுக்கில் 'நெறி கட்டிக்கிச்சு' என்போம் இல்லையா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. காலில் நுழைந்த கிருமியைப் பற்றி அங்கே துப்புச் சொல்வது யார்? தோலிலும் திசுக்களிலும் ரோந்து சுற்றும் டென்ட்ரைட்டிக் செல்கள். மரக்கிளை போல நீண்ட கைகள் கொண்டவை. கிருமியை விழுங்கி, அதன் துண்டைத் தன் மேல் ஒட்டிக்கொண்டு, நெறிக்குப் போய் டி செல்களிடம் "இவன்தான், பார்த்துக்கோ" என்று காட்டிக்கொடுக்கும். 1973-ல் இவற்றை அடையாளம் கண்டவர்கள் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஜான்வில் கோனும்.

காட்டிக்கொடுக்கும் செல்லையே தடுப்பூசியாக்கினால்? ரத்தம் எடுத்து, அதிலுள்ள மோனோசைட் செல்களை ஏறக்குறைய ஒரு வாரம் வளர்த்து டென்ட்ரைட்டிக் செல்லாக மாற்றி, செயலிழக்கச் செய்த வைரஸைப் புகட்டி, அதே உடலில் திரும்பச் செலுத்துவது. எலியிடம் இதற்கு வேண்டிய அளவு ரத்தம் எடுக்க முடியாது. எச்ஐவி எலியைத் தொற்றுவதும் இல்லை. ரீசஸ் குரங்குக்கோ எச்ஐவியின் பங்காளியான எஸ்ஐவி தொற்றும், எய்ட்ஸ் போன்ற நோயும் வரும்.

2003-ல் வெளியான ஆய்வில் வெய் லூ, ழான்-மரி ஆந்த்ரியூ குழு, எஸ்ஐவி தொற்றிய ரீசஸ் குரங்குகளுக்கு இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை இந்த ஊசியைப் போட்டது. ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ 1,000 மடங்கு குறைந்தது. அடுத்த 34 வாரங்களும் அப்படியே நின்றது. எய்ட்ஸ் ஒழிந்தது என்றே தோன்றியிருக்கும்.

பிரேசிலில் 18 எச்ஐவி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முடிவை அடுத்த ஆண்டே அதே குழு வெளியிட்டது. நடுமதிப்பில் வைரஸ் 80 சதவீதம் குறைந்தது. 90 சதவீதத்துக்கு மேல் குறைந்து ஓராண்டு நீடித்தது 8 பேருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுங்கள்: குரங்கில் 1,000 என்பது 1 ஆனது, மனிதரில் 200 ஆனது. ஆய்வகக் குரங்குக்கு எந்த வைரஸ், எந்தத் தேதியில் போனது என்று குறிப்பேட்டில் இருக்கும். நோயாளி ஒவ்வொருவரிடமும் வேறு வேறு வைரஸ், வேறு வேறு வரலாறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மதுரை ராஜாஜி மருத்துவமனையின் ஏஆர்டி மையத்தில் தருவது மாத்திரைதான்.

புற்றுநோயிலும் இப்படித்தான் மெதுவாக நகர்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இம்முறையைச் சிறு அளவில் சோதித்து, சாத்தியம் என்ற அளவில் 2014-ல் முடிவை வெளியிட்டது. 2017-ல் 'அப்செடன்' என்ற இந்தியத் தயாரிப்புக்கு நான்கு வகைப் புற்றுநோய்களில் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. ஆக, மோசடி இல்லை. எல்லாப் புற்றுநோய்க்கும் கடைசிக் கட்டத்திலும் பலிக்கும் மந்திரமும் இல்லை. ஸ்டைன்மனே கணையப் புற்றுநோய்க்குத் தன் செல்களில் செய்த ஊசியைப் போட்டுக்கொண்டு நாலரை ஆண்டு வாழ்ந்தார். அது ஊசியாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 2011-ல் நோபல் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்தார்.

விலை அதிகம் ஏன் என்பதும் புரிந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித் தனியாகச் சமைக்கிற மருந்து இது. அதனால் யாராவது இந்தச் சிகிச்சையைச் சொன்னால் நேரடியாகக் கேளுங்கள்: இது அனுமதி பெற்ற மருந்தா, சோதனையா? அனுமதி என்றால், எங்கள் அப்பாவுக்கு இருக்கும் புற்றுநோய்க்கா? சோதனை என்றால், மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும்; அதை நீங்களே ஆன்லைனில் பார்க்கலாம். ஐசிஎம்ஆர் நெறிமுறைப்படி ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. புற்றுநோயைக் குணமாக்குவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோக்களை வேடிக்கை பார்ப்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது: எப்போது எடுக்கப் போகிறீர்கள்?