இருட்டு யாருக்குப் பழக்கம்?

சென்னையில் எனக்கு ஓர் இலக்கிய நண்பர் இருக்கிறார். நல்ல ரசிகர். என் கதைகளில் வரும் வாய்க்காலையும் வரப்பையும் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பவர். சமீபத்தில் அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்டு போயிற்று. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனிதர் தவித்துப் போனார். விளக்கு வந்ததும், விசிறிக்கு அடியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"உங்களுக்கென்ன சார், கிராமத்து மனிதர். இருட்டெல்லாம் உங்களுக்குப் பழக்கம். கஜா புயலில் வாரக்கணக்காகக் கரண்டு இல்லாமல் இருந்தீர்களே! அந்த வருஷத்துத் திருக்கார்த்திகை எத்தனை அழகாக இருந்திருக்கும்! ஊர் முழுக்க அகல் விளக்கு மட்டும்..."

காப்பி கொடுத்த வீட்டில் சண்டை பிடிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால், இதைச் சொல்பவர் அவர் ஒருவர் அல்ல. படித்தவர்கள், இரக்கமுள்ளவர்கள், நிவாரணத்துக்குப் பணம் அனுப்பியவர்கள்கூட இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கேட்கிறேன்: எந்தக் கிராமத்துக்கு இருட்டுப் பழக்கம்?

1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது என் பாட்டி இதே வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குக் கரண்டு போகவில்லை. போவதற்கு வீட்டில் கரண்டே கிடையாது. கொல்லையில் கிணறும் ராட்டினமும் இருந்தன. ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்தன. பரணில் விறகு, மாடத்தில் சிம்னி விளக்கு, டின்னில் மண்ணெண்ணெய். கூரை பறந்தது, ஆனால் மறுநாள் தண்ணீர் இறைக்க அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

நண்பர் நினைத்துக்கொண்டிருப்பது அந்த வீட்டை. அதை நாங்கள் எப்போதோ கலைத்துவிட்டோம். வீட்டுக்குக் குழாய் வந்த வருஷம் கிணற்றை மூடி, மேலே கொட்டகை போட்டோம். ஆட்டுக்கல் மாட்டுக் கொட்டகைக்குப் படியாகக் கிடக்கிறது. 2011-இல் தொடங்கி சர்க்காரே மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகக் கொடுத்தது. காஸ் வந்தது, எங்கள் கார்டுக்கு மண்ணெண்ணெய் நின்றது. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவின் தோள்வலி அதனால் குறைந்தது. ஆனால், பழைய ஏணியை எடுத்துவிட்டுப் புது ஏணியைச் சாத்தியவர்கள், அது உடைந்து விழுந்த அன்று, "உங்களுக்குத்தான் குதித்துப் பழக்கமாயிற்றே" என்று சொல்லலாமா?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யத்தருகே கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் என்று பிறகு படித்தேன். அந்த இரவில் நாங்கள் கேட்டது தென்னைகள் முறியும் சத்தம்தான். விடிந்து பார்த்தால் தோப்பு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. தெருக்கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது 23-ஆம் நாள்.

கரண்டு என்றால் நகரத்தார் விளக்கு என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது தண்ணீர். பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டி தலைக்கு மேலே காலியாக நின்றது. பூமிக்குள் தண்ணீர் இருந்தது. ஏற்றுவதற்கு மோட்டார் ஓடவில்லை. தெருமுனை அடிபம்பு கைப்பிடியில்லாமல் துருப்பிடித்திருந்தது. நான்காம் நாள் ஒருவர் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வந்தார். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தொட்டியை நிரப்பினோம். எதிர்வீட்டு அத்தையிடம் பணம் இல்லை, கேட்கவும் கூச்சம். இலையும் மட்டையும் அழுகிக் கிடந்த வாய்க்காலிலிருந்து அவர் குடத்தில் மொண்டு போனதை மறுநாள்தான் பார்த்தேன்.

இன்னொன்று. என் அம்மாவுக்குத் தினம் இரண்டு வேளை இன்சுலின். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிரில் வைக்க வேண்டும். அதிக உஷ்ணம் படாவிட்டால் வெளியிலும் சுமார் ஒரு மாதம் தாங்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. கேட்பதற்குப் போன் இல்லை. கோபுரங்களும் செத்துக் கிடந்தன. ஈர மணலில் மண்பானையைப் புதைத்து மருந்தை அதற்குள் வைத்தேன்.

"ஏண்டா, கெட்டுப்போன மருந்தைப் போட்டுக்கிட்டா என்ன ஆகும்?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன், ஒன்றும் தெரியாமலேயே.

நவம்பர் 23 திருக்கார்த்திகை. புயலடித்து எட்டாம் நாள். அம்மா வாசலில் ஒரே ஓர் அகல் ஏற்றினாள். சற்று நேரத்தில் அதையும் அணைத்துவிட்டாள். வீட்டில் அரை லிட்டர் எண்ணெய்தான் மிச்சம், தாளிக்கவும் அதுதான். அழகாக இருந்ததா என்று கேட்கிறார் நண்பர்!

"ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் விழுந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். நியாயம். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த வயர்மேன்கள் இடுப்பளவுச் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். என் கோபம் அவர்கள் மேல் அல்ல. சென்னையின் மையப் பகுதிகளில் கம்பிகள் பூமிக்கடியில் ஓடுகின்றன. எங்களுக்கோ அவை தென்னைகளுக்கு நடுவே ஆகாயத்தில் தொங்குகின்றன. ஒரு மரம் சாய்ந்தால் ஒரு தெரு இருண்டுவிடும். எல்லாவற்றையும் நாளைக்கே புதைத்துவிடச் சொல்லவில்லை. தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டர், தெருவுக்கு ஒரு நல்ல அடிபம்பு, மருந்தைக் குளிரில் வைக்கப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஓர் இடம்: இவ்வளவுதான் கேட்கிறேன். இந்தச் சிறிய செலவைக்கூட வேண்டாமென்று ஒத்திப்போட வைப்பது எது? "அவர்களுக்குப் பழக்கம்தானே" என்ற அந்த அன்பான வார்த்தைதான். எங்கள் பொறுமையைப் புகழ்ந்து புகழ்ந்தே எங்களை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டீர்கள்.

நண்பருக்கு ஓர் அழைப்பு. அடுத்த கார்த்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கட்டும். அவருக்காக மெயினை அணைத்து வைக்கிறேன். அகல் விளக்கு எத்தனை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். எண்ணெய் என் செலவு. குளிக்கவும் குடிக்கவும் தண்ணீரை மட்டும் அவரே வாய்க்காலிலிருந்து சுமந்து வர வேண்டும்.