கல்லூரிக் கட்டணத்துக்குக் கடிவாளம் வேண்டும். அது எல்லா வாசலுக்கும் வேண்டும்!

தோழர்களே,

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம், காலவாக்கம், திருப்போரூர், பையனூர் வழியா மாமல்லபுரம் வரைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க. இல்லன்னா ஜிஎஸ்டி சாலையில் காட்டாங்குளத்தூர் தாண்டி செங்கல்பட்டு வாங்க. வழி நெடுக கல்லூரி, பல்கலைக்கழகம், கல்லூரிப் பேருந்து. பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை என்று நம்ம மாவட்டத்தில் இல்லாத படிப்பைத் தேடித்தான் பிடிக்கணும்.

நிலம் நம்ம ஊர் நிலம். தண்ணி நம்ம ஊர் தண்ணி. ஆனா கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளையும், மாமல்லபுரத்தில் உளி பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளையும் அந்த வாசலுக்குள் காவலாளியாகவோ சமையல் கூடத்து வேலைக்கோ மட்டும்தான் போகணுமா? மாணவராகப் போக முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது மதிப்பெண்ணா, கட்டணமா?

பாதுகாப்பு இருக்கு. ஆனா பாதி வழியில் நின்னுபோச்சு.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. கூடவே நன்கொடை வசூலும் வந்தது. அதைத் தடுக்க 1992-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டாங்க. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? தனியார் கல்லூரி நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம். கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது. அடுத்த வருஷமே, 2003-ல், இஸ்லாமிக் அகாடமி வழக்கில், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஒவ்வொரு மாநிலமும் கட்டண நிர்ணயக் குழு அமைக்கணும் என்று தீர்ப்பு வந்தது.

அந்தக் குழு இருப்பதால்தான் 2017-ல் கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் மாணவருக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று வரம்பு வந்தது. நாலு வருஷத்துக்கு அதிகபட்சம் 2,20,000 ரூபாய். கஷ்டம்தான், ஆனாலும் ஒரு குடும்பம் முன்கூட்டியே கணக்குப் போட முடியும்.

இதோடு இன்னும் ரெண்டு கைத்தாங்கல் உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணத்தில் 25,000 ரூபாய் கழிவு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத இடஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும்.

கவனிங்க தோழர்களே. இந்த மூணும் கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம் என்ற பலகை மாட்டியிருக்கும் வாசலில் இந்தப் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. அங்கே சேர்க்கை தனி, கட்டணம் தனி. அப்படிப்பட்ட வாசல்கள் தமிழ்நாட்டிலேயே நெருக்கமாக இருப்பது எங்கே? நம்ம வீட்டு எதிரில், இந்த வழித்தடத்தில்தான்.

வருஷா வருஷம் ஏறினா என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் வருஷம் 2 லட்சம் என்று சொல்லிச் சேர்க்கிறாங்க. வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறுதுன்னு வைங்க. ரெண்டாம் வருஷம் 2,20,000. மூணாம் வருஷம் 2,42,000. நாலாம் வருஷம் 2,66,200. மொத்தம் 9,28,200. சேரும்போது அப்பா அம்மா மனசில் போட்ட கணக்கு 8 லட்சம். கூடுதலா வந்தது 1,28,200 ரூபாய். "பத்து சதவீதம்தானே" என்கிற வார்த்தைக்குள் இவ்வளவு ஒளிஞ்சிருக்கு.

பாதியில் பிள்ளையை நிறுத்தவும் முடியாது, வேற கல்லூரிக்கு மாற்றவும் முடியாது. நகை அடகுக் கடைக்குப் போகும். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால், 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி. அதைத் தாண்டினால் ஜாமீன், 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து என்று கேள்வி நீளும். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் மீனவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்?

வருமானமும் மாசச் சம்பளம் மாதிரி வருவதில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் படகு கடலுக்குப் போகாது. ஆனா கட்டணம் கட்டக் கடைசித் தேதி புயலைப் பார்த்துத் தள்ளிப்போகுமா?

"செலவு கூடுதே, நாங்க என்ன செய்ய?"

கல்லூரி நடத்துகிறவர்கள் இப்படிக் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. பேராசிரியருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கணும், ஆய்வகம் புதுப்பிக்கணும். கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது என்று நாம சொல்லல. கணக்கைக் குழுவின் முன்னால் வைங்க, நியாயமான உயர்வை வாங்கிக்கோங்க என்கிறோம். வரவு செலவு நேர்மையா இருந்தா கணக்குக் காட்டுவதில் என்ன தயக்கம்?

ஆந்திராவில் 2017-ல் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தை அரசாணை மூலம் வருஷத்துக்கு 24 லட்சமாக உயர்த்தினாங்க. முன்பு இருந்ததைப் போல ஏழு மடங்கு. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உயர்வு செல்லாது என்றது. கல்வி லாபம் பார்க்கிற தொழில் அல்ல, கட்டணம் எப்போதும் மக்களுக்குக் கட்டுப்படியாகணும் என்றும் சொன்னது. ஆக, நாம கேட்கிறது சலுகை இல்ல. நாட்டின் சட்டம் ஏற்கெனவே சொன்னதைத்தான்.

வெளிநாட்டைப் பார்க்கணுமா? இங்கிலாந்தில் 2012-ல் உச்சவரம்பை 9,000 பவுண்டாக, ஏறத்தாழ மூணு மடங்காக, உயர்த்தினாங்க. அங்கே இளைஞர்கள் கடனோடுதான் பட்டம் வாங்குறாங்க. ஜெர்மனியில் கட்டணம் கொண்டுவந்த மாநிலங்கள் மக்கள் எதிர்ப்பால் 2014-க்குள் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. மக்கள் கேட்டால் நடக்கும்.

நம்ம ஊரிலும் நடந்தது

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. இருக்கிற கல்லூரிகளையே, அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாற்ற வழி. 100 ஏக்கர் நிலம் வேணும் என்ற நிபந்தனை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கராகக் குறைப்பு. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கட்சிகளும் எதிர்த்ததும், மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வதாக உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார். அது நல்ல விஷயம். ஆனா அதே மசோதா வேற உடுப்பில் வந்தால்? இன்று கட்டண வரம்புக்குள் இருக்கும் கல்லூரி, நாளைக்குப் பலகை மாற்றி வரம்புக்கு வெளியே போய்விடும்.

நம் கோரிக்கைகள்:

1. நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள் உட்பட எல்லா உயர்கல்வி நிறுவனங்களின் கட்டணமும் ஒரே நிர்ணயக் குழுவின் கீழ் வரணும். இதற்கு ஒன்றிய அரசின் விதி தடை என்றால், அந்த விதியை மாற்ற மாநில அரசு போராடணும்.

2. சேரும் நாளில் சொன்ன கட்டணம்தான் படிப்பு முடியும் வரை. உயர்வு என்றால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும்.

3. விடுதி, பேருந்து, பயிற்சி, சீருடை என்று வேற பெயரில் வாங்கும் ஒவ்வொரு தொகையும் சேர்க்கைக்கு முன்பே வெளியிடப்படணும்.

4. புயல், வெள்ளக் காலத்தில் அபராதம் இல்லாமல் தவணையாகக் கட்ட அனுமதி.

5. அரசுக் கல்லூரிகளில் இடங்களைக் கூட்டணும். 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரி இன்னும் நிற்கிறது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரியும் வேதாசலம் அரசு கலைக் கல்லூரியும் இருக்கு. புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கு. ஏழை வீட்டுக்கு மிகப் பெரிய கட்டண உச்சவரம்பு அரசுக் கல்லூரியில் கிடைக்கும் ஒரு இடம்தான்.

இப்பவே செய்ய வேண்டியது

ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளை உங்க தெருவில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. முதல் பட்டதாரிச் சான்றிதழை வருவாய்த் துறையில் முன்கூட்டியே வாங்க உதவுங்க. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்க. ரசீது இல்லாமல் வாங்கினால் கட்டணக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுக்கத் துணை நில்லுங்க.

படிச்சுட்டு அப்படியே கடந்து போயிடாதீங்க தோழர்களே. உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்க, டீக்கடையில் பேசுங்க. படிக்கத் தகுதி உள்ள ஒரு பிள்ளைகூட பணத்தால் திரும்பிப் போகக் கூடாது.

#கட்டணத்துக்குக்_கடிவாளம் #எல்லா_வாசலும்_நமக்கே