ஒலியைப் பெருக்குவது எது?

‘ஒலிபெருக்கி என்றால் என்ன?’ என்று நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ஸ்பீக்கரைத்தான் கைகாட்டுவார்கள். கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாயும் ஒலிபெருக்கிதான். வீட்டில் தொலைக்காட்சிக்கு இரு பக்கமும் நிற்கும் பெட்டியும் ஒலிபெருக்கிதான். ஆனால், ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. தன்னிடம் வந்துசேரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பெருக்கும் வேலையைச் செய்வது அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையர். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். கண்ணுக்குத் தெரியும் பெட்டி நினைவில் நின்றது. கண்ணுக்குத் தெரியாத கருவி மறந்துபோனது.

அந்த மறதிக்கு நம் குடும்பங்கள் காசு கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே என் கருத்து. வீட்டில் ஹோம் தியேட்டரின் ஓசை சரியில்லை என்றால், ஸ்பீக்கர்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய தொகுப்பு வாங்குவதற்கு முன், அவற்றுக்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபையர் கொடுத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு மேனிலைப்பள்ளி இயற்பியல் நூல்கள் இக்கருவியைப் ‘பெருக்கி’ என்கின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? தீபாவளி மலிவு விற்பனை வருகிறது. டிவிடி கருவி, ஐந்து சிறிய ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில். பெட்டியின் மேல் ‘1000 வாட்’ என்று கொட்டை எழுத்து. தவணையில் வாங்கி வந்து மாட்டுகிறோம். முதல் மாதம் பாட்டு அதிர்கிறது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிறகுதான் தெரிகிறது, வெடிச் சத்தம் கேட்கும் அளவுக்கு வசனம் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் காது கூசுகிறது. குறைத்தால் பேச்சு விளங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அடுத்த விற்பனை, அடுத்த அட்டைப் பெட்டி, அடுத்த தவணை.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்திதானே என்று ஒதுக்கிவிட முடியாது. இந்நாட்டில் தமிழ்ப் படங்கள் மலாய் வசன வரிகளோடுதான் திரையிலும் தொலைக்காட்சியிலும் வருகின்றன. வசனம் காதில் விழாவிட்டால் என் போன்றவர்கள் கண்ணை அடிவரிக்கு இறக்கி, கதையை மலாயில் படித்துக்கொள்கிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவனுக்கு அது ஒரு சிரமமே இல்லை. மலாய் படிக்கத் தெரியாத என் பாட்டி என்ன செய்வார்? ‘என்னாப்பா சொன்னான் அவன்?’ என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்கமாட்டார். எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். தமிழ்ப் படம் ஓடும் வீட்டில் தமிழ் மட்டுமே தெரிந்தவர் வெளியேறிவிட, மற்றவர்கள் மலாயில் படித்துக்கொண்டிருக்கிறோம். ஓசையின் தெளிவு நம் மொழியோடும் தொடர்புடையது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த ‘1000 வாட்’டைப் பார்ப்போம். உங்கள் வீட்டுக் கருவியைத் திருப்பி, பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு அட்டையைப் படியுங்கள். மின்சாரப் பயன்பாடு 100 வாட் என்றோ 150 வாட் என்றோ இருக்கக்கூடும். சுவரிலிருந்து 100 வாட் வாங்கும் கருவி 1000 வாட் ஓசையைத் தொடர்ந்து எப்படித் தரும்? உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் சேமித்து வைத்ததை ஒரு கண நேரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். தொடர்ந்து கொடுக்க முடியாது. எல்லாத் தடங்களின் உச்ச அளவையும் கூட்டி, ஓசை பத்து விழுக்காடு சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் எவ்வளவு பெரிய எண்ணையும் அட்டையில் அச்சடிக்கலாம். இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1974ஆம் ஆண்டிலேயே பெருக்கிகளுக்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2024இல் அதைத் திருத்தி, 8 ஓம் தடையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழு அலைவரிசையிலும் அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று இறுக்கியது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு வல்லரசு இந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறது என்றால், கடையில் நிற்கும் நம் அப்பா அம்மா எம்மாத்திரம்?

உண்மையில் எத்தனை வாட் தேவை? கணக்கு எளிது. ஓசை 3 டெசிபல் உயர மின்திறன் இரு மடங்காக வேண்டும். 10 டெசிபல் உயரப் பத்து மடங்கு. 20 டெசிபல் உயர நூறு மடங்கு. ஒரு சிறிய ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 84 டெசிபல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலி 3 மீட்டர் தள்ளி இருந்தால் அது ஏறத்தாழ 76 ஆகக் குறையும். வசனம் 70 டெசிபலில் கேட்டால் போதும். அதற்குக் கால் வாட் மின்திறனே அதிகம்! ஆனால், அதே காட்சியில் ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டு ஓசை 90க்குத் தாவினால், அந்தக் கணத்தில் 25 வாட் வேண்டும். ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே நேரத்தில் கேட்டால்? ஒரே மின்வழங்கியிலிருந்து ஆறு பேரும் பங்கு கேட்கிறார்கள். ஒரு சட்டிச் சோற்றுக்கு ஆறு தட்டு.

கொடுக்க முடியாதபோது பெருக்கி என்ன செய்யும்? அலையின் உச்சியை வெட்டிவிடும். மலைச்சிகரம் போல ஏறி இறங்க வேண்டிய அலை, மேசை போலத் தட்டையாகிவிடும். நாம் ‘கரகர’ என்று உணர்வது அதைத்தான். 1992இல் டால்பி டிஜிட்டல் திரைக்கு வந்தது முதல் நாம் பழகிய 5.1 முறையில், வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. பின்னணி இசை ஓங்கும்போது உச்சி வெட்டப்பட்டால், அதன் மேல் ஏறி வரும் சொல்லும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. மெல்லினமும் வல்லினமும் ஒன்றாகக் குழைந்துபோகின்றன. நாம் மேலும் சத்தத்தைக் கூட்டுகிறோம். அது மேலும் வெட்டுகிறது. இப்படி வெட்டுப்பட்ட அலை, உயர்ந்த ஓசைகளைத் தரும் ட்வீட்டரின் சுருளைச் சூடாக்கிக் கருக்கியும் விடும். பழியோ ஸ்பீக்கர் மேல்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். பழைய தொகுப்பின் ஸ்பீக்கர்கள் 6 ஓம் என்று பின்னால் அச்சிட்டிருந்தது. அவற்றை ஏற்கக்கூடிய பயன்படுத்திய ரிசீவர் ஒன்றை 350 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். தொலைக்காட்சியின் ஓசையை ஒளியிழைக் கம்பி வழியாக ரிசீவருக்குக் கொடுத்தேன். சப்வூஃபருக்குச் சொந்தமாகப் பெருக்கி கிடையாது. ஆகவே, பழைய கருவியை எறியாமல், ரிசீவரின் சப்வூஃபர் வெளியீட்டை அதன் ‘ஆக்ஸ்’ துளையில் செருகி, சப்வூஃபரை மட்டும் அதனிடமே விட்டுவைத்தேன். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட கனத்த ஓசையெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. சிறிய ஸ்பீக்கர்களின் சுமை குறைந்தது. ஸ்பீக்கர் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால், முன்பைவிடக் குறைந்த சத்தத்தில் வசனம் விளங்கியது. பாட்டி இப்போது இடைவேளை வரையாவது உட்கார்ந்திருக்கிறார். முழுப் படமும் பார்க்க வைக்கும் பொறுப்பு இயக்குநர்களுடையது, பெருக்கியால் ஆகாது.

தனிப் பெருக்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் வாதாடவில்லை. கைப்பிடியளவு ஸ்பீக்கர் கைப்பிடியளவு ஸ்பீக்கர்தான். காசு செலவழிக்கும் முன் காசில்லாத வேலைகளை முடியுங்கள். அலமாரிக்குள் தள்ளி வைத்திருக்கும் நடு ஸ்பீக்கரை விளிம்புக்கு இழுத்து, உட்காருபவரின் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். நடுத் தடத்தின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். சிவப்பு, கறுப்புக் கம்பிகள் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சில வீடுகளில் இதுவே போதுமானதாக இருக்கும்.

அதன் பிறகும் குறை தீராவிட்டால் பெருக்கிக்குப் போகலாம். அப்போது மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, ஸ்பீக்கரின் ஓம் அளவு. சில தொகுப்புகளின் ஸ்பீக்கர் 3 ஓம், 4 ஓம் என்று இருக்கும். 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதிய ரிசீவரில் அதை மாட்டினால் மின்னோட்டம் மிகுந்து கருவி சூடாகும். இரண்டாவது, ஜப்பானிலிருந்து வரும் பழைய பெருக்கிகள். விலை மலிவு, தரமும் நன்று. ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. மின்மாற்றி இல்லாமல் நம் நாட்டுச் சுவரில் செருகினால் புகைதான் வரும். மூன்றாவது, அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். எத்தனை தடங்களை ஒரே நேரத்தில் இயக்கி, எவ்வளவு சிதைவோடு அளந்தது என்று கேளுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலோ சிங்கப்பூர் சிம் லிம் டவரிலோ இப்படிக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

‘அண்டை வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், இன்னும் பெரிய பெருக்கி எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரிசை வீட்டில் ஒரு செங்கல் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. ஆனால், இந்தக் கேள்விக்குள்ளேயே நம் பழைய குழப்பம் ஒளிந்திருக்கிறது. பெரிய பெருக்கி என்றால் பெரிய சத்தம் என்று நினைக்கிறோம். நான்கு பேர் ஏறும் காரில் மலையேறினால் இயந்திரம் அலறும். வலுவான இயந்திரம் அதே மலையை அமைதியாக ஏறும். தேவைக்கு மேல் வலு இருப்பது அலறாமல் இருப்பதற்காக. வசனம் தெளிந்தால் சத்தத்தை நாமே குறைத்துவிடுவோம். அண்டை வீட்டாருக்கும் அது நன்மை.

‘ஒரே நீளப் பெட்டியாக வரும் சவுண்ட்பார் வாங்கினால் தொல்லையே இல்லையே’ என்பவர்களும் உண்டு. எதுவும் இல்லாத வீட்டுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நல்ல நிலையில் ஐந்து ஸ்பீக்கர் இருக்கும் வீட்டில், அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொரு தவணை தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, சவுண்ட்பாரில் பெருக்கி உள்ளேயே அடைபட்டிருக்கிறது. அது பழுதானால் ஸ்பீக்கரும் சேர்ந்து போகும். தனித்தனியாக இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றலாம்.

ஐந்தாம் படிவ இயற்பியலில் டிரான்சிஸ்டர் பாடத்தில் ‘பெங்குவாட்’ என்ற மலாய்ச் சொல்லைக் கற்றேன். ‘குவாட்’ என்றால் வலு, வலுவூட்டுவது பெங்குவாட். ஸ்பீக்கருக்கு அவர்கள் சொல்லும் ‘பெம்பெசார் சுவாரா’ நம் ‘ஒலிபெருக்கி’யைப் போலவே ‘ஓசையைப் பெரிதாக்குவது’ என்றுதான் பொருள்படுகிறது. ஆனால், பின்னால் இருக்கும் கருவிக்கு அவர்களிடம் வேறு பெயர் வழக்கில் இருக்கிறது. நம்மிடமும் ‘பெருக்கி’ இருக்கிறது, பாடநூலுக்குள் இருக்கிறது. அதை வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவந்தால்தான் ‘ஸ்பீக்கர் சரியில்லையா, பெருக்கி சரியில்லையா?’ என்று அம்மாவிடம் தமிழில் கேட்க முடியும். கேட்கத் தெரிந்தவரைக் கடையில் அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது.

நம் பேரவையில் பொறியியல் படிப்பவர்கள் பலர் இருக்கிறோம். வரும் விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது, கருவியின் பின்புற அட்டையை அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். வாட் என்றால் என்ன, ஓம் என்றால் என்ன என்று தமிழில் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தீபாவளி விற்பனைக்கு அவர் போகும்போது அந்தக் கணக்கும் அவரோடு கடைக்குப் போகட்டும்.