துருவின் கணக்கைத் தமிழில் போடுக!

பாக்கு நீரிணைக் கரையில் தேவிபட்டினத்திற்கு வடக்கே அமைந்தது திருப்பாலைக்குடி. கடலும் உப்பளமும் சூழ்ந்த அவ்வூரில் துருவை அறியாத பிள்ளை இல்லை. படகின் ஆணியும் வீட்டுக் கம்பியும் உப்புக்காற்றால் செந்தூளாய் உதிர்வதை அது நாளும் காண்கின்றது. அப்பிள்ளையே பதினோராம் வகுப்பில் ஆக்சிசனேற்ற ஒடுக்கச் சமன்பாட்டைக் கண்டு மிரளுமாயின், குறை பிள்ளையினதா, கற்பிக்கும் முறையினதா?

அச்சமன்பாடு உண்மையில் ஒரு கொடுக்கல் வாங்கற் கணக்கே. துரு தோன்றும் முதற்படியையே கொள்வோமாக. ஓர் இரும்பணு, எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னிகள் இரண்டை இழக்கின்றது. நீரிற் கரைந்துள்ள ஓர் உயிர்வளி மூலக்கூறோ, இரண்டு நீர் மூலக்கூறுகளோடு கூடி நான்கு எதிர்மின்னிகளை ஏற்கின்றது. இழப்பு இரண்டு, ஏற்பு நான்கு. கணக்கு ஒவ்வவில்லை. இரும்பணுவை இரண்டாக்குக, இழப்பும் நான்காகின்றது, சமன்பாடு முடிந்தது! இரும்பு ஐதராக்சைடு மூலக்கூறுகள் இரண்டு விளைகின்றன. பின்னும் உயிர்வளி சேர, அதுவே செந்துருவாகின்றது. உப்போ இக்கணக்கில் கொடுப்பதுமில்லை, கொள்வதுமில்லை. நீரை மின்கடத்தியாக்கி அழிவை விரைவுபடுத்துகின்றது. மீன்பாட்டைப் பங்கிட்டு வரவும் செலவும் நேர்செய்யும் குடியிற் பிறந்த பிள்ளைக்கு இதில் அரியது யாது?

அரிதாக்குவது சொல்லே. தாமிர உப்புக் கரைசலில் இரும்பாணியை இட்டால் ஆணிமேற் செம்பு படிகின்றது. அங்கே இரும்போடு ஆக்சிசன் சேரவேயில்லை. எனினும் இரும்பு 'ஆக்சிசனேற்றம்' அடைந்தது என்கின்றனர். 'ஒடுக்கம்' என்றால், ஒடுங்கியது எது? ஈழத்துப் பாடநூல்களோ இவற்றையே 'ஒட்சியேற்றம்', 'தாழ்த்தல்' என்கின்றன. ஒரு மொழிக்குள் இரு வழக்கு. இரண்டிலும் பொருள் விளங்கவில்லை. 'மின்னியிழப்பு', 'மின்னியேற்பு' என்று முதலில் உணர்த்திவிட்டால், நிகழ்வது இன்னதென்பதைச் சொல்லே காட்டும். தேர்வுக்குரிய சொற்களை அதன்பின் சேர்த்துக் கற்பிக்கலாம். பொருளறியாது எண்களை மனப்பாடம் செய்யும் இரங்கத்தக்க நிலை ஒழியும்.

தமிழில் இஃது இயலுமா என்று ஐயுறுவார் வரலாற்றை நோக்குக. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன் என்பாரின் முயற்சியால், 1875-இலேயே 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் தமிழில் வெளிவந்தது. பெயர் தமிழன்று, துணிவோ பெரிது! அயலவர்க்கு இருந்த அத்துணிவு தமிழாசிரியர்க்கும் அறிவியலாசிரியர்க்கும் இன்று இல்லாதொழிவதா?

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. அரிமானத்தால் நலிந்த அதில் 2022 திசம்பரில் வண்டிப் போக்குவரத்து நின்றது. புதுப்பாலம் 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. கப்பலின் எஃகு உடலில் துத்தநாகக் கட்டி பொருத்துவது ஏன்? இரும்புக்கு முன் துத்தநாகம் மின்னியிழந்து தான் அழிந்து, இரும்பைக் காப்பதற்கே. அழகப்பர் கொடையால் காரைக்குடியில் எழுந்த நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்திலும் கடலோர அரிமானத்தை ஆராய்கின்றது. ஆயினும் அவ்வறிவு ஆங்கில ஏடுகளிலேயே அடைபட்டுக் கிடந்தால், படகுக்கு உரியவனுக்கு என்ன பயன்?

தாய்மொழி வாயிலாய் வேதியியலை உணர்ந்த பிள்ளையே நாளை அப்படகையும் பாலத்தையும் காக்கும். எனவே இரு நாட்டுத் தமிழறிஞரும் வேதியியலாரும் ஒருங்கமர்ந்து பொருள்விளங்கும் ஒரே சொல்லை வரையறுத்தல் வேண்டும். கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கரும்பலகைக்கு முன் துருவேறிய ஓர் ஆணியை எடுத்துக்காட்டித் தொடங்குதல் வேண்டும். இரும்பைத் துரு தின்னும். வழங்காத மொழியையும் அவ்வாறே. வழங்குக தமிழை, வேதியியல் வகுப்பிலும்!